இரண்டு காருக்கு ஒரே பெட்டி

நாகர்கோவிலில் ஒரே முதலாளிக்கு ஒரே ரூட்டில் இரண்டு மினி பஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியின் கலெக்‌ஷனும் ராத்திரி ஒரே மேஜைக்குத்தான் போகும். ஆனால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பேட்டா அவரவர் வண்டிக் கலெக்‌ஷனைப் பொறுத்தது. செட்டிகுளம் சந்திப்பில் நிற்கும் இருபது பேரையும் முன்னால் போகிற வண்டி அள்ளிக்கொண்டால் முதலாளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பின்னால் வருகிற வண்டிக்காரருக்குத்தான் அன்றைய சாயாக் காசு போகும். ஃபார்முலா ஒன் கார் ரேஸ் பார்க்கத் தொடங்கியதும் காதில் விழுகிற 'டீம் ஆர்டர்' (சக ஓட்டுநருக்கு வழிவிடு என்பது போன்ற அணியின் உத்தரவு), 'ஓரவஞ்சனை', 'டீம்மேட் சண்டை' எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் முளைக்கின்றன.

ஒரு அணிக்கு இரண்டு கார், இரண்டு ஓட்டுநர். பட்டமும் இரண்டு: ஓட்டுநருக்கு ஒன்று, அணிக்கு ஒன்று. முதல் பத்து இடங்களுக்கு 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 என்று புள்ளி. ஓட்டுநர் எடுக்கும் புள்ளி அவர் கணக்கிலும் சேரும், அணியின் கணக்கிலும் சேரும். பரிசுப் பணம் பெரும்பாலும் அணிப் பட்டியலில் பிடித்த இடத்தை வைத்தே பிரிக்கப்படுகிறது. ஆக, ஒரே அணியின் இரண்டு கார்கள் முதலிரண்டு இடங்களில் வந்தால் அணிக்கு 43 புள்ளி. யார் முன்னால், யார் பின்னால் என்பதால் அந்த 43 மாறாது. ஓட்டுநர்கள் இருவருக்கும் இடையே மட்டும் 7 புள்ளி வித்தியாசம் விழுந்துவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. வேறு அணிக்காரரிடம் தோற்றால் "அவன் கார் வேகம்" என்று சொல்லித் தப்பிக்கலாம். சக ஓட்டுநரிடம் தோற்றால் சாக்குச் சொல்ல வழியில்லை, கார் ஒன்றுதான். அதனால்தான் ஓட்டுநருக்கு முதல் எதிரி பக்கத்து கராஜில் இருக்கிறான் என்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து போன நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் ஓட்டினார், சக ஓட்டுநர் போர்ச்சுகலின் டியாகோ மான்டெய்ரோ. அந்த ஆண்டு இண்டியானாபோலிஸில் டயர் பாதுகாப்புப் பிரச்சினையால் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. ஜோர்டான் கார்கள் மூன்றாவதும் நான்காவதுமாக வந்தன. மேடையேறிக் கோப்பை வாங்கியவர் மான்டெய்ரோ. நரேனுக்கு அன்றைய கணக்கில் 5 புள்ளி, ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த புள்ளி அவ்வளவுதான். ஒரே அணிக்குள் ஓர் இடம் முன்பின் என்றால் என்ன என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உள்ள உதாரணம் இது.

ஏன் நிறுத்த வேண்டும்?

2010-லிருந்து ரேஸ் நடுவே பெட்ரோல் போடத் தடை. எனவே கார் பிட்டுக்கு (பாதையோரம் அணிகள் காரைக் கவனிக்கும் இடத்துக்கு) வருவது பெரும்பாலும் டயருக்காகத்தான். வறண்ட ரேஸில் குறைந்தது இரண்டு வகை டயராவது பயன்படுத்தியாக வேண்டும் என்பது விதி. டயரின் பக்கவாட்டில் உள்ள நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மென்மை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம். சிவப்பு ஒட்டிப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். வெள்ளை வெகுநேரம் தாங்கும், ஆனால் சூடேறத் தாமதமாகும். (குலசேகரம் பக்கம் பால் வெட்டி எடுக்கிற ரப்பருக்கும் இதற்கும் உறவு கொஞ்சம்தான், ரேஸ் டயரில் செயற்கை ரப்பர்தான் பெரும்பங்கு.) இந்த டயர்கள் ஏறத்தாழ 100 டிகிரிச் சூட்டில் வேலை செய்யக் கட்டப்பட்டவை. ஆறிப்போனால் வழுக்கும், அதிகம் கொதித்தால் மேல்தோல் குழைந்து பிடிப்பு போகும்.

சக்கரம் மாற்றுவதற்கு இரண்டு, இரண்டரை விநாடி போதும். 2023 கத்தாரில் மெக்லாரன் 1.80 விநாடியில் மாற்றியது. ஆனால் நிறுத்தத்தின் விலை அந்த இரண்டு விநாடி மட்டும் என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும். பிட் பாதையில் வேக வரம்பு பொதுவாக மணிக்கு 80 கி.மீ. கார் அங்கே ஊர்ந்து வருகிற நேரத்தில் மற்றவர்கள் மெயின் ரோட்டில் 300-இல் பறக்கிறார்கள். நுழைந்து, நின்று, வெளியேறுவதற்குள் மொத்த இழப்பு பல மைதானங்களில் 20 முதல் 25 விநாடி. ரேஸ் தொடங்கும் முன் இந்த ஓர் எண்ணை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். டி.வி. வர்ணனையில் எப்படியும் சொல்வார்கள். உத்தி என்று பேசுகிற பாதி விஷயம் இந்த எண்ணைச் சுற்றித்தான்.

முன்னால் போகிறவருக்கு முன்பே பிட்டுக்குப் போய், புது டயரின் வேகத்தில் அவர் இடத்தைப் பிடிப்பதற்குப் பெயர் அண்டர்கட். அதைத் தாளில் போட்டுப் பார்ப்போம். 'அ' முன்னால், 'ஆ' 1.5 விநாடி பின்னால். இருவருக்கும் தேய்ந்த டயர், ஒரு சுற்றுக்கு 82.5 விநாடி ஆகிறது. புது டயர் போட்டால் 80.5 விநாடி. பிட் இழப்பு இருவருக்கும் 21 விநாடி. 'ஆ' முதலில் உள்ளே வந்து புது டயரோடு போகிறார். அடுத்த சுற்றில் 'அ' பழைய டயரில் 82.5 எடுக்க, 'ஆ' 80.5 எடுக்கிறார், 2 விநாடி லாபம். அந்தச் சுற்றின் முடிவில் 'அ' பிட்டுக்கு வந்து அதே 21 விநாடியைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது 'ஆ' அரை விநாடி முன்னால் போய்க்கொண்டிருப்பார். பாதையில் ஒருமுறைகூட முந்தவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது.

இது மூன்று இடங்களில் சொதப்பும். ஒன்று, 'ஆ' வெளியே வருகிற இடத்தில் மெதுவான கார் ஒன்று குறுக்கே கிடந்தால் புது டயரின் வேகம் அதன் பின்னாலேயே வீணாகும். அதனால்தான் பொறியாளர்கள் எதிராளியைப் பார்ப்பதைவிட, தங்கள் காருக்கு 21 விநாடி பின்னால் என்ன இருக்கிறது என்று அதிகம் பார்க்கிறார்கள். இரண்டு, சக்கரம் மாட்டுவதில் ஒரு விநாடி தடுமாறினால் அந்த அரை விநாடி லாபம் காலி. மூன்று, போடுவது கடின டயராக இருந்து தரையும் குளிர்ந்திருந்தால் முதல் சுற்றில் டயர் சூடே ஏறாது. அப்போது பழைய டயரில் வெளியே நிற்பவருக்கே லாபம். அதற்குப் பெயர் ஓவர்கட். மொனாக்கோவில் இது அடிக்கடி நடக்கும்.

பாதையிலேயே முந்திவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். முப்பந்தலில் காற்றாலைகளை ஏன் ஒன்றன் முதுகில் ஒன்றாக ஒட்டி நடவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? முன்னால் சுழல்கிற இறக்கை காற்றின் பலத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சுழலும் கலக்கமுமாகப் பின்னால் தள்ளும். அதற்குள் நிற்கிற காற்றாலைக்குக் கிடைப்பது சக்கைக் காற்று. எனவே இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல பல மடங்கு இடைவெளி விட்டுத்தான் நடுவார்கள். ரேஸ் காரும் காற்றை நம்பி ஓடுவது. முன் காரின் கலங்கிய காற்றுக்குள் புகுந்தால் பின் காரைத் தரையோடு அழுத்தும் விசை குறையும், வளைவில் வழுக்கும், வழுக்கினால் டயர் கொதிக்கும், கொதித்தால் தேயும். நேர்பாதையில் மட்டும் இது உதவி, எதிர்க்காற்று குறைவதால் வேகம் கூடும். ஒரு விநாடிக்குள் நெருங்கினால் பின் இறக்கையைத் திறந்துகொள்ளும் டி.ஆர்.எஸ். ஏற்பாடு 2011 முதல் 2025 வரை இருந்தது. அது இருந்தும் பல மைதானங்களில் முந்துவது கஷ்டம்தான். ஆகவே இடம் மாறுவதில் பெரும்பங்கு பிட்டில் நடக்கிறது.

பெட்டி ஒன்று, கார் இரண்டு

அணிக்கு இரண்டு கார் உண்டு, ஆனால் சக்கரம் மாற்றும் பெட்டி ஒன்றே ஒன்று. ரேடியோவில் "பாக்ஸ், பாக்ஸ்" என்று கத்துவது இந்தப் பெட்டிக்கு வரச்சொல்லித்தான். சுமார் இருபது பேர் நிற்பார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று பேர்: நட்டைத் துப்பாக்கியால் கழற்றி மாட்ட ஒருவர், பழையதை உருவ ஒருவர், புதியதைச் செருக ஒருவர். முன்னும் பின்னும் ஜாக் போடுபவர்கள், கார் ஆடாமல் பிடிப்பவர்கள் தனி. சக்கரத்துக்கு ஒரு நட்டுதான். அந்த ஒன்று கோணலாகப் பிடித்தால் தொலைந்தது. 2021 மொனாக்கோவில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த போட்டாஸின் மெர்சிடிஸில் நட்டின் விளிம்பு மழுங்கிச் சக்கரம் கழலவே இல்லை. ரேஸ் அதோடு முடிந்தது. கார் தொழிற்சாலைக்குத் திரும்பிய பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற முடிந்தது.

ஒரே நேரத்தில் இரண்டு காரையும் உள்ளே எடுக்க முடியாது. ஒருவரை முதலில் எடுத்தால் அவருக்கு அண்டர்கட் லாபம், மற்றவருக்கு நட்டம். ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சுற்றில் எடுப்பதும் உண்டு, டபுள் ஸ்டாக் என்பார்கள். அதற்கு இரண்டு கார்களுக்கும் நடுவே ஐந்து விநாடியாவது இடைவெளி வேண்டும். குறைந்தால் பின்னால் வந்தவர் பெட்டிக்கு வெளியே முன் காரின் வாலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

2022 மொனாக்கோ இதற்குப் பாடம். ஈரம் காய்ந்துகொண்டிருந்த பாதையில் ஃபெராரியின் லெக்லெர்க் முதலிடம், சக ஓட்டுநர் சைன்ஸ் இரண்டாமிடம். 18-ஆவது சுற்றில் லெக்லெர்க்கை அழைத்து முழு மழை டயரிலிருந்து, குறைந்த ஈரத்துக்கான இடைநிலை டயருக்கு மாற்றினார்கள். ரெட் புல்லின் பெரெஸ் அதற்கு முன்பே மாற்றியிருந்ததால் லெக்லெர்க் அவரிடம் இடத்தை இழந்தார். மூன்றே சுற்றில் மறுபடி "பாக்ஸ்" என்று கூப்பிட்டு, அவர் பிட் பாதைக்குள் திரும்பிய பிறகு "உள்ளே வராதே" என்றார்கள். பெட்டியில் அப்போது சைன்ஸின் கார் நின்றது. லெக்லெர்க் காத்திருந்து வெளியே வந்தபோது நான்காவது, முடிவிலும் நான்காவது. சொந்த ஊர் ரேஸ், முதல் இடத்திலிருந்து புறப்பட்டவர் வேறு. ரேடியோவில் அவர் கத்தியதை அச்சில் போட முடியாது.

இந்தச் சச்சரவைத் தவிர்க்க அணிகள் பொதுவாக ஓர் எழுதாத விதி வைத்திருக்கின்றன: பாதையில் முன்னால் இருப்பவருக்கே முதல் நிறுத்தம். எளிய விதி, பெரும்பாலும் இருவரும் ஏற்றுக்கொள்வார்கள். மூன்றாவது ஆள் பின்னாலிருந்து மிரட்டும்போதுதான் அது உடைகிறது.

2024 ஹங்கேரியில் அதுதான் நடந்தது. மெக்லாரனின் பியாஸ்ட்ரி முதலிடம், நாரிஸ் இரண்டாமிடம். மூன்றாமிடத்து ஹாமில்டன் முன்பே புது டயர் போட்டிருந்தார், அவர் அண்டர்கட்டில் நாரிஸைப் பிடிப்பார் என்ற பயம் அணிக்கு. 45-ஆவது சுற்றில் பின்னால் இருந்த நாரிஸை முதலில் அழைத்தது. பியாஸ்ட்ரியை 47-இல்தான் அழைத்தது. மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு சுற்று புது டயர் லாபத்தில் நாரிஸ் முன்னால் வந்துவிட்டார். அணி அதை எதிர்பார்த்தே இருந்தது, இடத்தைத் திருப்பிக் கொடு என்றது. நாரிஸோ ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பனோடு பட்டப்போட்டியில் இருந்தார், அந்த 7 புள்ளி அவருக்குப் பெரிது. அவருடைய பொறியாளர் இருபது சுற்றுக்குமேல் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார். கடைசியில் 70 சுற்று ரேஸில் 68-ஆவது சுற்றில் நாரிஸ் வேகத்தைக் குறைத்து வழிவிட்டார். பியாஸ்ட்ரிக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றி.

எங்கள் பார்வையில் அணி கேட்டது நியாயம், கேட்கவேண்டிய நிலையை உண்டாக்கியதுதான் தவறு. ஹாமில்டனைப் பற்றிய பயம் உண்மையாக இருந்தால் பியாஸ்ட்ரியை 44-இல் எடுத்துவிட்டு நாரிஸை 45-இல் எடுத்திருக்கலாம்.

2025 மோன்ஸா இன்னும் சிக்கல். இரண்டாவது நாரிஸ், மூன்றாவது பியாஸ்ட்ரி. லெக்லெர்க்கைத் தடுக்கப் பியாஸ்ட்ரியை முதலில் எடுக்க நாரிஸ் சம்மதித்தார், தன் இடம் பறிபோகாது என்ற உறுதியின் பேரில். ஆனால் நாரிஸின் நிறுத்தத்தில் ஒரு சக்கரம் தகராறு செய்து 5.9 விநாடி ஆகிவிட்டது. பியாஸ்ட்ரி முன்னால். இடத்தைத் திருப்பிக் கொடு என்று இந்தத் தடவை அவருக்கு உத்தரவு. மெதுவான நிறுத்தம் ரேஸின் ஒரு பகுதி என்றுதானே பேசியிருக்கிறோம் என்று முனகினாலும் கொடுத்துவிட்டார். கைமாறியது 3 புள்ளி. அந்த ஆண்டுப் பட்டம் நாரிஸுக்கு 423, வெர்ஸ்டாப்பனுக்கு 421 என்று முடிந்தது. மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்து அந்த 3 மட்டும் மாறாதிருந்தால் நாரிஸ் 420. செப்டம்பரில் சின்னச் சச்சரவாகத் தெரிந்தது டிசம்பரில் பட்டத்தின் எடைக்கு நின்றது.

வழிவிடச் சொல்வது குற்றமா?

ஒரு காலத்தில் குற்றமாகவே வைத்திருந்தார்கள். 2002 ஆஸ்திரியாவில் ரேஸ் முழுதும் முன்னால் ஓடிய பரிக்கெல்லோ, ஃபெராரியின் உத்தரவுக்குப் பணிந்து முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் சக ஓட்டுநர் ஷூமாக்கருக்கு வெற்றியைக் கொடுத்தார். கூட்டம் கூச்சல் போட்டது. அடுத்த பருவத்திலிருந்து டீம் ஆர்டருக்குத் தடை. தடை வந்ததும் அணிகள் சங்கேதம் பேசப் பழகின. 2010 ஜெர்மனியில் ஃபெராரியின் மாசா முன்னால், சக ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோ பின்னால். மாசாவிடம் "ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், புரிந்ததா?" என்றார் பொறியாளர். மாசாவுக்குப் புரிந்தது, உலகத்துக்கும் புரிந்தது. ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். இப்படிப் பேசினால் எதைத் தடுப்பது என்று 2011-இல் தடையையே எடுத்துவிட்டார்கள்.

உத்தரவு போட்டால் கீழ்ப்படிவார்கள் என்பதும் இல்லை. 2013 மலேசியாவில் ரெட் புல் அணி "மல்ட்டி 21" என்றது. இரண்டாம் எண் கார் முன்னால், ஒன்றாம் எண் கார் பின்னால், அப்படியே முடியுங்கள் என்று அர்த்தம். இரண்டாம் எண் வெப்பர். ஒன்றாம் எண் வெட்டல் கேட்காமல் முந்தி ஜெயித்தார்.

சண்டை முற்றினால் அணிக்கு 43-க்குப் பதில் பூஜ்ஜியம். 2016 ஸ்பெயினில் மெர்சிடிஸின் ஹாமில்டனும் ராஸ்பெர்க்கும் முதல் சுற்றிலேயே மோதி இருவரும் மணலில் நின்றார்கள். அன்று ஜெயித்தவர் ரெட் புல்லுக்கு வந்து முதல் ரேஸ் ஓட்டிய 18 வயது வெர்ஸ்டாப்பன். சென்னா, ப்ராஸ்ட் கதை இன்னும் பழையது. 1988-இல் இருவரும் சேர்ந்து மெக்லாரனுக்கு 16-இல் 15 ரேஸ் ஜெயித்துக் கொடுத்தவர்கள், 1989-இல் சுசூகாவில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

சேஃப்டி கார் வரும்போது

விபத்து நடந்தால் சேஃப்டி கார் வந்து எல்லோரையும் மெதுவாக்கும். பிட் பாதையின் 80 கி.மீ. வரம்பு அப்படியே இருக்க, வெளியே இருப்பவர்களின் வேகம் மட்டும் குறைவதால் நிறுத்தத்தின் விலை ஏறத்தாழ பாதியாகிவிடும். பாதி விலைக்கு டயர் கிடைக்கும்போது வாங்காமல் போவது பெரும்பாலும் தப்பு.

2025 கத்தாரில் ஒரு செட் டயருக்கு 25 சுற்றுதான் என்று பாதுகாப்பு வரம்பு வைத்திருந்தார்கள். ரேஸ் 57 சுற்று, அதாவது குறைந்தது இரண்டு நிறுத்தம். ஏழாவது சுற்றில் சேஃப்டி கார் வந்தது. 57-இல் 7 போனால் 50, அதாவது சரியாக இரண்டு 25. வெர்ஸ்டாப்பன் உட்பட ஏறக்குறைய எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். மெக்லாரன் இரண்டு காரையும் வெளியே விட்டது. அதன்பின் இரண்டு நிறுத்தத்துக்கும் முழு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. வெர்ஸ்டாப்பன் வெற்றி, முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த பியாஸ்ட்ரி இரண்டாவது, நாரிஸ் நான்காவது. இருவரையும் சமமாக நடத்தும் அணி என்று பெயர் வாங்கிய மெக்லாரன், அன்று இருவருக்கும் சமமாக நட்டத்தைப் பங்கிட்டது. ஒரு காரையாவது உள்ளே எடுத்திருக்கலாம்.

மழை என்றால் இந்தக் கணக்கெல்லாம் கலைந்துவிடும். தக்கலையில் கொட்டும்போது நாகர்கோவிலில் வெயில் அடிப்பதைப் பார்த்த நமக்கு, 7 கி.மீ. நீளமுள்ள பெல்ஜியத்தின் ஸ்பா மைதானத்தில் ஒரு முனை நனைந்து மறுமுனை காய்ந்து கிடப்பது ஆச்சரியமாக இருக்காது. பச்சை நிறக் கோடு போட்டது இடைநிலை டயர், நீலம் முழு மழை டயர். 300 கி.மீ. வேகத்தில் பச்சை டயர் ஒன்று விநாடிக்கு 30 லிட்டர், நீல டயர் 85 லிட்டர் வெள்ளத்தை வாரித் தள்ளும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. காய்கிற பாதையில் யார் முதலில் வறண்ட பாதைக்கான வழுவழு டயருக்கு மாறுவது என்பது சூதாட்டம். அணிகள் அந்தச் சூதைப் பெரும்பாலும் பின்னால் இருக்கிற காரை வைத்தே ஆடிப்பார்க்கும், இழப்பதற்கு அதனிடம் குறைவு என்பதால். அந்தக் காரை ஓட்டுகிறவர் இதை அவ்வளவு ரசிப்பதில்லை.

ஐரோப்பிய ரேஸ்கள் பெரும்பாலும் ஞாயிறு மாலை 6.30-க்குத் தொடங்கும். திரையின் இடது ஓரத்துப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் டயரின் நிறத்தையும் இடைவெளி விநாடியையும் காட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு சுற்று ஆனதும், உங்களுக்குப் பிடித்த ஓட்டுநருக்குப் பின்னால் பிட் இழப்பின் அளவுக்கு எண்ணிப் பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் "பாக்ஸ்" சீக்கிரம் வரும், யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுப்பார்கள். எதிரணியின் ஆட்கள் சக்கரத்தோடு பிட் பாதையில் வந்து நின்றால் உடனே நம்பிவிட வேண்டாம், பக்கத்து அணியை ஏமாற்றி உள்ளே இழுக்கப் பொய்யாகவும் நிற்பார்கள். ஒரே அணியின் இரண்டு கார்களில் பின்னால் இருக்கிறது முதலில் பெட்டிக்குப் போனால் மட்டும் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அடுத்த பதினைந்து நிமிஷம் ரேடியோவில்தான் ரேஸ்.